குளத்துக்குச் சட்டம் தந்த ஆளுநர்

2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். பக்கத்தில் அருவியாறு ஓடியது. ஆனாலும் எவ்வளவு தண்ணீர், எப்போது, யாருக்கு என்று தீர்மானிக்கும் உரிமை எங்கள் மக்களிடம் இருக்கவில்லை. குளங்களைக் கட்டி ஆண்ட சனம் வாளியோடு வரிசையில் நின்றது.

அந்த உரிமையைச் சட்டத்தில் எழுதியவர் ஒரு பிரித்தானிய ஆளுநர். பெயர் சேர் ஹென்றி வோர்ட். 1797 இல் இலண்டனில் பிறந்தவர். மெக்சிகோவில் தூதராக இருந்தார், பிறகு நாடாளுமன்ற உறுப்பினரானார். 1849 இல் கிரேக்கத்தின் அயோனியத் தீவுகளுக்கு ஆட்சியாளராகப் போய், கெபலோனியாவில் எழுந்த கிளர்ச்சியைத் தூக்குக் கயிற்றாலும் சவுக்காலும் அடக்கினார். கொண்டாடப்பட வேண்டிய மனிதர் அல்ல.

1855 இல் அவர் இலங்கைக்கு வந்தபோது வறண்ட வலயத்தின் பல குளங்கள் தூர்ந்து கிடந்தன. அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1832 இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய வேலை ஒழிந்தது நல்லதுதான். ஆனால் குளக்கட்டுக்கு மண் போடவும் வாய்க்கால் துப்புரவாக்கவும் ஊர் கூடும் வழக்கமும் தளர்ந்துபோனது. வேலைக்கு வராதவரைக் கேட்க ஆளில்லை. தண்ணீர்ப் பிணக்குகள் தூரத்து நீதிமன்றங்களுக்குப் போயின.

வோர்ட் 1856 இல் 9 ஆம் இலக்க நீர்ப்பாசனச் சட்டத்தைக் கொண்டுவந்தார். புதிதாக எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. வயற்காரர் கூடிப் பழைய ஊர் வழக்கங்களை ஏற்றுக்கொண்டால், அவற்றுக்குச் சட்ட பலம் கிடைக்கும். பிணக்கையும் ஊரே தீர்க்கலாம். மட்டக்களப்புப் பகுதியில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் அவர் காலத்தில் திருத்தப்பட்டன. 1860 இல் சென்னை ஆளுநராகப் போனவர், சில வாரங்களிலேயே வாந்திபேதியால் இறந்தார்.

அவர் போனாலும் அந்த எண்ணம் நின்றது. 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் வரை அது தொடர்ந்தது. இன்றும் காலபோகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன் கமக்காரர் கூடுகிறார்கள். துருசு எப்போது திறப்பது, எத்தனை ஏக்கர் விதைப்பது, கால்நடைகளை எப்போது அப்புறப்படுத்துவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது.

மீள்குடியேறிய பிறகு உடைந்த குளக்கட்டுகள் பல திருத்தப்பட்டுவிட்டன. காசு இருந்தால் கட்டைத் திருத்தலாம். கூடிப் பேசும் வழக்கத்தைக் காசு திருத்தாது. குளத்துக்கு நீர் வரும் காடு வெட்டப்படுவதையும், குளத்துக் காணி அடைக்கப்படுவதையும் கேட்க வேண்டிய இடமும் அந்தக் கூட்டம்தான். அடுத்த போகக் கூட்டத்தில் உங்கள் கதிரை வெறுமையாக இருந்தால், உங்கள் தண்ணீரை வேறு யாரோ பங்கிடுவார்கள்.