காற்றைச் சேமித்த காளை

வண்டியை ஓட்டுவது ஒரு கலை. அதை நிறுத்துவது அதனினும் பெரிய கலை. அந்தப் பெரிய கலையை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். அறிவியல் பயிலும் நாம் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

1846ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சென்ட்ரல் பிரிட்ஜ் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தையார் உழவுக் கருவிகள் செய்பவர். அந்தப் பட்டறையே மகனுக்குப் பள்ளிக்கூடம். உள்நாட்டுப் போரில் பணியாற்றித் திரும்பியபின் கல்லூரியில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே விலகிவிட்டார். நண்பர்களே, இதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்!

அந்நாளில் ரயிலை எப்படி நிறுத்தினார்கள்? ஓட்டுநர் ஊதல் கொடுப்பார். ஆட்கள் பெட்டிக்குப் பெட்டி ஓடிக் கைச்சக்கரத்தைத் திருகுவார்கள். சரக்கு வண்டியானால் கூரைமேல் ஓட வேண்டும். பனியில் கால் வழுக்கி மாண்டவர் பலர். ஒருநாள் இரு சரக்கு வண்டிகள் மோதிக்கொண்டதால் வெஸ்டிங்ஹவுஸின் பயணம் தடைப்பட்டது. இதற்கு வழி காண வேண்டும் என்ற எண்ணம் அவர் நெஞ்சில் வேரூன்றியது.

ஆல்ப்ஸ் மலையைக் குடைய, அழுத்திய காற்றைக் குழாய் வழியே அனுப்புகிறார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தார். பாறையைத் துளைக்கும் காற்று சக்கரத்தைப் பிடிக்காதா? 1869இல் காற்றுப் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அப்போது அவருக்கு வயது 22. இன்று எனக்கிருப்பதைவிட ஒன்று குறைவு!

ஆயினும் குறை ஒன்று இருந்தது. காற்றுத் தொட்டி எஞ்சினில் மட்டுமே இருந்தது. கடைசிப் பெட்டிக்குக் காற்றுப் போய்ச்சேர நேரமாகும். குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. 1872இல் அவர் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு தொட்டியை வைத்தார். குழாயில் எப்போதும் காற்று நிறைந்திருக்கும். அதன் அழுத்தம் குறைந்தால், அந்தந்தப் பெட்டியின் தொட்டியே தன் காற்றைப் பிரேக்குக்குத் தரும். குழாய் அறுந்தாலும் வண்டி தானே நிற்கும். ஆபத்தையே காவலாக மாற்றிய அறிவை என்னென்பது!

நான் குடியிருக்கும் வைட்டிலாவில், மலைப்பாதை ஜீப்புகளில் கம்ப்ரசருடன் காற்றுத் தொட்டியும் பொருத்துவதைக் கண்டிருக்கிறேன். மணலிலும் சேற்றிலும் போகக் குறைத்த டயர்க்காற்றை, தார்ச்சாலைக்கு வந்ததும் நிரப்ப வேண்டுமல்லவா? தொட்டி இருந்தால் நான்கு டயரும் நொடியில் நிரம்பிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம். 10 லிட்டர் தொட்டியின் அழுத்தம் 8 வளிமண்டல அளவிலிருந்து 2க்கு இறங்கினால் 60 லிட்டர் காற்றுக் கிடைக்கும். 60 லிட்டர் கொள்ளும் ஒரே டயரின் அழுத்தத்தை ஒரு வளிமண்டல அளவு உயர்த்தவே அது சரியாகிவிடும். மற்ற மூன்றுக்கும் கம்ப்ரசர்தான் உழைக்க வேண்டும். தொட்டி காற்றை உண்டாக்குவதில்லை. சேர்த்து வைத்து, வேண்டும்போது விரைந்து தருகிறது. அவ்வளவே. அழுத்தம் மிகுந்தால் திறக்கும் பாதுகாப்பு வால்வும், தேங்கிய நீரை வடிக்கும் திருகும் இல்லையேல் அத்தொட்டியே ஆபத்தாகும்.

வெஸ்டிங்ஹவுஸ் அதோடு ஓயவில்லை. நீண்ட சரக்கு ரயில்களில் பிரேக் பிடித்தபோது பின்பெட்டிகள் முன்பெட்டிகளில் இடித்தன. 1887இல் விரைந்து செயல்படும் வால்வை அமைத்து அக்குறையையும் போக்கினார். 1893இல் அமெரிக்க அரசு காற்றுப் பிரேக்கைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றியது. டெஸ்லாவின் கண்டுபிடிப்புகளை ஏற்று மாறுதிசை மின்சாரத்தைப் பரப்பியவரும் இவரே. 1907இன் பணநெருக்கடியில் தம் மின்சார நிறுவனத்தின் ஆட்சியை இழந்தார். 1914 மார்ச் 12இல் மறைந்தார். நிறுவனம் கைவிட்டுப் போயிற்று. அவர் வகுத்த நெறி போகவில்லை.

வலிமையெல்லாம் எஞ்சினிடம் குவிந்திருந்தவரை கடைசிப் பெட்டிக்குக் காவலில்லை. பெட்டிதோறும் சிறிது வைத்தபோதே ரயில் முழுதும் காப்புப் பெற்றது. சங்கம் நடத்தும் நமக்கும் இது பொருந்தும். தலைவரிடம் மட்டுமன்று, கடைசி உறுப்பினரிடமும் ஆற்றல் சேர்ந்திருக்கட்டும்!