லூசி வில்ஸ் அம்மையார்

மாத்தளைத் தோட்டப்புறக் கிளினிக்குகளில் கர்ப்பிணித் தாய்மாருக்கு நாங்கள் கொடுக்கும் போலிக் அமில மாத்திரைக்குப் பின்னால் ஒரு பெண் மருத்துவர் இருக்கிறார்.

1888 இல் இங்கிலாந்தில் பிறந்த லூசி வில்ஸ், எங்களைப் போலவே பெண்கள் பாடசாலையில் படித்தவர். 1920 இல் மருத்துவரானார். 1928 இல் பம்பாய் சென்றார். அங்கே ஆலைத் தொழிலாளப் பெண்கள் பலர் கர்ப்பகாலக் குருதிச்சோகையால் இறந்துகொண்டிருந்தனர். இரும்புச்சத்துக் குறைந்தால் செங்குருதிக் கலங்கள் சிறுத்துப் போகும். இவர்களுக்கோ அவை பருத்திருந்தன. கிருமியைத் தேடினார், அகப்படவில்லை. குறை சாப்பாட்டில்தான் என்று கண்டார். ஈரல்சாறு குணம் தந்தது, ஆனால் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாது. பிறகு மலிவான மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். ஆம், நாங்கள் பாணில் பூசிச் சாப்பிடும் அதே மார்மைட்தான்! தாய்மார் தேறினர். 1931 இல் அதை எழுதி வெளியிட்டார். சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆய்வைத் தொடர்ந்தார்.

மார்மைட்டில் இருந்த அந்தப் பொருளே போலிக் அமிலம் என்பது 1940களில் தெளிவானது. அம்மையார் 1964 இல் காலமானார்.

கருத்தரிக்குமுன்பே இம்மாத்திரையை எடுத்தால் பிள்ளையின் முள்ளந்தண்டுக் குறைபாடுகளில் பெரும்பகுதியைத் தடுக்கலாம் என்பது 1991 இல் உறுதியானது. கருவுற்று நாலு கிழமைக்குள் அந்த இடம் மூடிவிடும். எங்களிடம் பெண்கள் வருவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.