பஸ்சில் வந்த மகாராஜா

1938-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி.

திருவனந்தபுரம் வீதியில் திரளான கூட்டம். மகாராஜா வருகிறார்! யானை மீது அல்ல. ரதத்திலும் அல்ல. பஸ்சில்!

பஸ்சை ஓட்டியவர் ஒரு வெள்ளைக்காரர். பெயர் சால்ட்டர். உள்ளே மகாராஜாவும் அவருடைய உறவினர்களும் இருந்தார்கள். பின்னால் வரிசையாக 33 பஸ்கள். ஊர்வலம் கவடியார் வரை போயிற்று.

திருவிதாங்கூர் அரசு பஸ் தொடங்கிய நாள் அது. அப்போது நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்தது. நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் ரெயில் கிடையாது. ரெயில் வந்ததே 1979-ல்தான்! அதுவரை இந்தச் சீமை மக்களுக்குக் கால் நடை, மாட்டு வண்டி. அவற்றை விட்டால் பஸ்தான்.

அந்த மகாராஜாவின் பெயர் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா.

11 வயதில் ராஜா

1912-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி பிறந்தார். தாயார் சேது பார்வதி பாய். திருவிதாங்கூரில் மருமக்கள் தாய முறை. ராஜாவின் மகனுக்குப் பட்டம் கிடையாது. தாய் வழியில்தான் பட்டம் போகும்.

1924-ல் மூலம் திருநாள் மகாராஜா காலமானார். அடுத்த வாரிசு இந்தச் சிறுவன்! அப்போது வயது 11. பந்து விளையாடும் வயதில் நாடு ஆள முடியுமா? பெரியம்மா முறையான சேது லட்சுமி பாய், சிறுவனுக்காக ஆட்சி நடத்தினார். 1931 நவம்பர் 6-ந் தேதி முழு அதிகாரமும் கைக்கு வந்தது. மறுநாள்தான் 19 வயது நிறைந்தது.

கோவில் கதவு திறந்தது

அந்தக் காலத்து நாஞ்சில் நாட்டை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். சுசீந்திரம் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சில சாதியார் நடக்கவே கூடாது! கோவிலுக்குள் போவது பற்றிப் பேச்சே இல்லை. தெருவில் நடப்பதே குற்றம். 1926-ல் அங்கே சத்தியாக்கிரகம் நடந்தது. கோட்டாறு டாக்டர் எம்.இ. நாயுடு முன்னின்றார். 1930-ல் மறுபடியும் போராட்டம்.

1936 நவம்பர் 12-ந் தேதி மகாராஜா ஒரு பிரகடனம் வெளியிட்டார். அரசின் கோவில்களுக்குள் இந்துக்கள் எல்லாரும் போகலாம். பிறப்பைச் சொல்லித் தடுக்கக் கூடாது. அப்போது அவருக்கு வயது 24. ராஜா மனம் வைத்ததால் மட்டும் நடந்தது என்று சொல்ல முடியாது. தெருவில் நின்று அடி வாங்கியவர்களின் பங்கும் அதில் உண்டு. ஆனாலும், கையெழுத்துப் போடத் துணிவு வேண்டும். அது அவரிடம் இருந்தது.

அதற்கு ஒன்றேகால் வருடம் கழித்து வந்ததுதான் பஸ்.

ஒரு கம்பெனி வண்டி, ஒரு கம்பெனி எஞ்சின்

லண்டன் மாநகரப் போக்குவரத்தில் வேலை பார்த்தவர் சால்ட்டர். 1937-ல் அவரைத் திருவிதாங்கூர் அரசு அழைத்து வந்தது. இங்கிலாந்தில் இருந்து 60 'சேசிஸ்' வந்து இறங்கின. சேசிஸ் என்றால் கூண்டு இல்லாத வண்டி: இரும்புச் சட்டமும் சக்கரமும் எஞ்சினும் மட்டும்.

இதில் ஒரு விசேஷம். சேசிஸ் செய்தது காமர் கம்பெனி. அதில் இருந்த எஞ்சின் பெர்க்கின்ஸ் கம்பெனியுடையது. அதுவும் டீசல் எஞ்சின்!

அன்றைய மோட்டார்களில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடின. அந்தப் பெட்ரோல் எஞ்சின்களில் 'கார்புரேட்டர்' என்று ஒன்று இருந்தது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவது அதன் வேலை. பிறகு ஒரு தீப்பொறி அந்தக் கலவையைக் கொளுத்தும். டீசல் எஞ்சினில் கார்புரேட்டரும் இல்லை, தீப்பொறியும் இல்லை. காற்றை மட்டும் இறுக்கி அமுக்குவார்கள். அமுங்கிய காற்று பயங்கரமாகச் சூடேறும். அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக் கொள்ளும்!

எஞ்சினை மாற்றினால் போதுமா? போதாது. உழவனுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு நுகத்தில் ஒரு பக்கம் துள்ளும் காளை, மறு பக்கம் கனத்த மாடு என்று பூட்டினால் ஏர் நேராகப் போகாது. எஞ்சினும் 'கியர் பெட்டி'யும் அப்படித்தான். பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பலம் காட்டும். டீசல் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே கனமாக இழுக்கும். அதிகம் அதிரவும் செய்யும். எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்கு எடுத்துப் போவது கியர்ப் பல் சக்கரங்கள். அந்தப் பற்கள் அதன் இழுப்பைத் தாங்க வேண்டும். பற்களின் கணக்கும் எஞ்சினின் வேகத்துக்கு ஒத்துப்போக வேண்டும். ஒவ்வாத கியரோடு பூட்டினால், நல்ல எஞ்சினும் மேட்டில் மூச்சு வாங்கும், பள்ளத்தில் கத்தும்.

பெர்க்கின்ஸ் கம்பெனி 1932-ல்தான் தொடங்கியது. பெட்ரோல் எஞ்சின் இருந்த இடத்தில் பொருந்தும்படி சின்னதாக, வேகமாகச் சுற்றும் டீசல் எஞ்சின் செய்வதே அதன் தொழில். திருவனந்தபுரத்தில் இருந்து களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவில் வரும் சாலை ஒரே மேடும் பள்ளமும். அதற்கு மெதுவாக இழுக்கும் எஞ்சின் ஏற்றது. எண்ணெய்ச் செலவும் குறைவு.

கூண்டை உள்ளூர்த் தொழிலாளர்களே கட்டினார்கள். சால்ட்டர் மேற்பார்வை பார்த்தார். ஒரு பஸ்சில் 23 இருக்கைகள். தோல் மெத்தை. ஏறும் வழி பின்பக்கம். நடுவில் நடைபாதை.

முன்பு தனியார் பஸ்கள் ஓடின. ஆள் நிறைந்தால்தான் வண்டி கிளம்பும். அரசு பஸ்சுக்கோ நேரம் உண்டு; ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளம்ப வேண்டும். இதனால் பிழைப்பு இழந்த பஸ் முதலாளிகளும் உண்டு. அவர்களுக்கு அது சந்தோஷமான நாள் அல்ல.

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் பஸ் சுசீந்திரத்தைத் தொட்டுத்தான் போகும். 12 வருடம் முன்பு தெருவில் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட ஊர்! இப்போது காசு கொடுத்தவருக்கு டிக்கெட். டிக்கெட்டில் சாதி எழுத இடம் இல்லை.

கசப்பும் உண்டு

மகாராஜாவின் ஆட்சியில் எல்லாமே இனிப்பு அல்ல. பஸ் ஓடத் தொடங்கிய அதே 1938-ல், ஆகஸ்டு 31-ந் தேதி, அதே சாலையில் இருக்கும் நெய்யாற்றின்கரையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பொறுப்பாட்சி கேட்ட மக்கள் சிலர் உயிர் இழந்தார்கள். திவான் சர் சி.பி. ராமசாமி அய்யரின் கை ஓங்கி இருந்த காலம். 1947-ல் திருவிதாங்கூர் தனி நாடு என்று திவான் அறிவித்தார். ஜூலை 25-ந் தேதி அவரை ஒருவர் வெட்டினார். திவான் உயிர் பிழைத்தார்; ஆனால் தனி நாடு பிழைக்கவில்லை. மகாராஜா இந்தியாவோடு சேர்ந்தார்.

1949-ல் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் உண்டானது. மகாராஜா அதற்கு ராஜப்பிரமுகர் ஆனார். 1956 அக்டோபர் 31-ந் தேதியோடு அந்தப் பதவி முடிந்தது. மறுநாள், நவம்பர் 1, கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. களியக்காவிளை எல்லை ஆயிற்று. ஒரே ராஜாவின் நாட்டுக்குள் ஓடிய சாலை, இரண்டு ராஜ்யங்களின் சாலை ஆகிவிட்டது. அவர் தொடங்கிய பஸ் இலாகா 1965-ல் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் ஆனது.

மகாராஜா கல்யாணம் செய்து கொள்ளவில்லை. பதவி போன பிறகு பத்மநாப சுவாமி கோவிலே அவருக்கு உலகம். கன்னியாகுமரிக்கு ரெயில் வந்தபோது அவருக்கு வயது 66. அதன் பிறகும் 12 வருடம் வாழ்ந்தார். 1991 ஜூலை 20-ந் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார்.