வி. இ. லெனின் (1870 – 1924): போரும் புரட்சியும்

மாணவர்களே, ரஷ்யப் புரட்சி பற்றிய வினாவுக்கு லெனினின் பெயரையும் 1917 என்ற ஆண்டையும் மட்டும் எழுதினால் போதாது. ஒரு சிறிய கட்சி எட்டு மாதங்களில் ஒரு பேரரசின் ஆட்சியை எவ்வாறு கைப்பற்றியது என்பதையே நீங்கள் விளக்க வேண்டும். லெனினின் வாழ்க்கையை முதலாம் உலகப் போருடன் சேர்த்துப் படித்தால் இது தெளிவாகும்.

இளமைக்காலம்

இவரது இயற்பெயர் விளாடிமிர் இலியிச் உலியானோவ். வொல்கா நதிக்கரையிலுள்ள சிம்பிர்ஸ்க் நகரில் 1870 ஏப்ரல் 22 ஆம் திகதி பிறந்தார். 1887 இல் சார் மன்னன் மூன்றாம் அலெக்சாந்தரைக் கொல்லச் சதிசெய்த குற்றத்திற்காக இவரது தமையன் தூக்கிலிடப்பட்டார். அப்போது லெனினுக்கு வயது 17. அதே ஆண்டில் மாணவர் ஆர்ப்பாட்டத்தில் பங்குபற்றியமைக்காகக் கசான் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் வெளிவாரியாகச் சட்டப் பரீட்சையில் சித்தியடைந்தார். மார்க்சியச் செயற்பாடுகளுக்காக 1895 இல் கைதாகி, 1897 முதல் 1900 வரை சைபீரியாவில் வைக்கப்பட்டார். 1903 இல் கட்சி பிளவுபட்டபோது போல்ஷெவிக் பிரிவுக்குத் தலைமை தாங்கினார்.

போரினால் சிதைந்த ரஷ்யா

1914 இல் தொடங்கிய போருக்கு ரஷ்யா ஏறத்தாழ 15 மில்லியன் ஆண்களைத் திரட்டியது. வயல்களில் ஆட்பலம் குறைந்தது. புகையிரதங்கள் இராணுவத் தேவைக்கு ஓடியதால் நகரங்களுக்கு உணவு போய்ச் சேரவில்லை. 1917 மார்ச் 8 இல், பாணுக்காக வரிசையில் நின்று சலித்த பெற்றோகிராட் பெண் தொழிலாளர் வீதிக்கு இறங்கினர். அடக்க அனுப்பப்பட்ட சிப்பாய்களும் அவர்களுடன் சேர்ந்தனர். மார்ச் 15 இல் சார் மன்னன் இரண்டாம் நிக்கலஸ் முடிதுறந்தான்.

இங்கு கவனியுங்கள்: இப்புரட்சியை லெனின் நடத்தவில்லை. அவர் அப்போது சுவிற்சர்லாந்தில் இருந்தார். பழைய நாட்காட்டிப்படி இது பெப்ரவரிப் புரட்சி எனப்படும்.

ஆட்சியைக் கைப்பற்றல்

ரஷ்யா போரிலிருந்து விலகுவதை விரும்பிய ஜேர்மனி, தனது நாட்டினூடாகப் புகையிரதத்தில் செல்ல லெனினை அனுமதித்தது. ஏப்ரலில் அவர் பெற்றோகிராட்டை அடைந்தார். தற்காலிக அரசாங்கமோ போரைத் தொடர்ந்தது. ஏனைய சோசலிசக் கட்சிகள் அதில் இணைந்தமையால் போரின் பழி அவற்றையும் சேர்ந்தது. வெளியே நின்ற லெனின் போரை நிறுத்துதல், விவசாயிக்கு நிலம், தொழிலாளிக்கு உணவு, சோவியத்துகளுக்கு அதிகாரம் ஆகியவற்றைக் கோரினார். படைத்தளபதி கோர்னிலோவ் தலைநகர்மீது படை நடத்த முயன்றபோது, அரசாங்கம் போல்ஷெவிக் தொழிலாளரின் உதவியை நாடவேண்டியதாயிற்று. அதன்பின் பெற்றோகிராட், மொஸ்கோ சோவியத்துகளில் போல்ஷெவிக்குகள் பெரும்பான்மை பெற்றனர். நவெம்பர் 7 இல், ரொட்ஸ்கி ஒழுங்குசெய்த கிளர்ச்சியின் மூலம் ஆட்சி அவர்கள் கைக்கு வந்தது. இதுவே ஒக்டோபர் புரட்சி. மறுநாளே சமாதானம், நிலம் பற்றிய ஆணைகள் வெளியிடப்பட்டன.

ஆட்சியைத் தக்கவைத்தல்

அரசியல் நிர்ணய சபைத் தேர்தலில் போல்ஷெவிக்குகள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு வாக்குகளையே பெற்றனர். 1918 ஜனவரியில் ஒரேயொரு முறை கூடிய அச்சபையை லெனின் கலைத்தார். 1918 மார்ச் 3 இல் பிரெஸ்ட்-லிற்றோவ்ஸ்க் உடன்படிக்கை மூலம் பெரும் நிலப்பரப்பை இழந்து சமாதானம் பெற்றார். ஆயினும் உள்நாட்டுப் போர் மூண்டது. படைக்காக விவசாயிகளின் தானியம் பலவந்தமாக எடுக்கப்பட்டது. 1921–22 பஞ்சத்தில் ஏறத்தாழ 5 மில்லியன் மக்கள் இறந்தனர். 1917 இல் புரட்சிக்குத் துணைநின்ற குறொன்ஸ்டாட் கடற்படையினரே 1921 இல் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி ஆயுதபலத்தால் அடக்கப்பட்டது. அதே ஆண்டில் தானியப் பறிப்பை நிறுத்தி, சிறு வியாபாரத்தை அனுமதிக்கும் புதிய பொருளாதாரக் கொள்கையை லெனின் கொண்டுவந்தார். 1922 இல் நோயுற்ற அவர் 1924 ஜனவரி 21 இல் காலமானார்.

ஆகவே போர் பழைய ஆட்சியை வீழ்த்தியது. போரை நிறுத்துவதாகச் சொன்ன கட்சி அதனால் ஆதரவு பெற்றது. ஆனால் அந்த ஆட்சி நிலைத்தது வாக்கினால் அன்று, ஆயுதத்தினால். இம்மூன்றையும் தொடர்புபடுத்தி எழுதினால் உங்கள் விடை முழுமை பெறும்.

பயிற்சி வினாக்கள்

1. தற்காலிக அரசாங்கம் மக்கள் ஆதரவை இழந்தமைக்கான காரணங்கள் இரண்டு தருக.
2. முதலாம் உலகப் போர் நிகழாதிருப்பின் போல்ஷெவிக்குகள் 1917 இல் ஆட்சிக்கு வந்திருப்பார்களா? காரணங்காட்டி விளக்குக.