கண் சர்ஜரி ஃபெல்லோஷிப் தேடுறீங்களா? டாக்டர் வெங்கடசாமியின் கதையைத் தெரிஞ்சுக்கோங்க!

கண் மருத்துவத்தில் எம்.எஸ். முடித்தவர்களுக்கு அடுத்து வரும் குழப்பம், எந்த ஃபெல்லோஷிப்பில் சேர்வது என்பதுதான். பெரிய பெயர் உள்ள மருத்துவமனையா, அதிக உதவித்தொகையா, இல்லை நம்மையே ஆபரேஷன் செய்ய விடும் இடமா? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோ.வெங்கடசாமியின் வாழ்க்கையைப் பார்த்தால், எதைக் கேட்டுச் சேரணும் என்பது புரியும்.

யார் இவர்?

1918 அக்டோபர் 1-ம் தேதி, எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டு, 1944-ல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் முடித்தார். உறவுக்காரப் பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்து வளர்ந்தவர். அதனால் மகப்பேறு மருத்துவர் ஆவதுதான் கனவு.

கனவு என்னாச்சு?

ராணுவ மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தபோது கடுமையான முடக்குவாதம் தாக்கியது. 1948-ல் ராணுவத்தை விட்டு வர வேண்டியதாயிற்று. விரல்கள் நிரந்தரமாகக் கோணிவிட்டன. பேனா பிடிப்பதே பெரும்பாடு. இனி பிரசவம் பார்க்க முடியாது என்று ஆனபிறகு, கண் மருத்துவத்துக்கு மாறினார். 1951-ல் டிப்ளமோ, 1954-ல் எம்.எஸ்.

கோணிய விரல்கள் எப்படிப் பழகின?

செய்து செய்துதான். வளைந்த விரல்களில் கத்தி நிற்கும் விதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுபிடித்தார். 1956-ல் மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுத் தலைவரானார். கிராமம் கிராமமாக முகாம் நடத்தினார். கண்புரையால் பார்வை போனவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். சில நாட்களில் 100 ஆபரேஷன் வரை செய்திருக்கிறார். வாழ்நாளில் அவர் கையால் நடந்தவை 1 லட்சத்துக்கும் மேல்!

அரவிந்த் எதை மாற்றியது?

1976-ல், 58 வயதில் பணி ஓய்வு. அதே ஆண்டு 11 படுக்கைகளோடு அரவிந்த் தொடங்கியது. பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை. ஒரு மேஜையில் ஆபரேஷன் முடிவதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயார். முன்வேலைகளைப் பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் பார்த்துக்கொள்ள, டாக்டரின் நேரம் முழுக்க ஆபரேஷனுக்கே போனது. இவ்வளவு கேஸ் நடக்கும் இடத்தில் கற்க வருபவர்களின் கையும் பழகும். அதனால்தான் வெளிநாட்டு டாக்டர்களும் மதுரைக்கு வந்து பயிற்சி எடுக்கிறார்கள்.

அப்போ எண்ணிக்கை மட்டும் போதுமா?

போதாது. கண்புரை ஆபரேஷனில் லென்ஸைத் தாங்கும் பை, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அது கிழிந்தால், நொடியில் கை மாற்றிக்கொள்ள சீனியர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இலவச வார்டில் படுத்திருப்பவருக்கும் அது ஒரே வாய்ப்புதான். அவர் கண் பயிற்சிப் பொருள் கிடையாது.

சேர்வதற்கு முன் என்ன கேட்கலாம்?

• எத்தனை ஆபரேஷன்களை முழுதாக நானே செய்வேன், எத்தனைக்கு உதவியாளராக மட்டும் நிற்பேன்?
• நோயாளியைத் தொடும் முன் ஆட்டுக் கண்ணிலோ, சிமுலேட்டரிலோ பழக வசதி உண்டா?
• சிக்கல் வந்தால் யார் உடன் இருப்பார்? அதைச் சமாளிக்க எனக்கும் கற்றுத்தருவார்களா?
• நான் செய்த ஆபரேஷன்களின் முடிவுகளைப் பதிவு செய்து என்னிடம் காட்டுவார்களா?

வெங்கடசாமி 2006 ஜூலை 7-ல் காலமானார். இந்தக் கேள்விகளுக்கு அங்கே இப்போது படிக்கும் ஜூனியர்களிடமே பதில் கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க.