1:43 கார்: ரயிலுக்குத் துணையாக வந்த குட்டி வண்டி! யார் இந்த ஃபிராங்க் ஹார்ன்பி?

மாடல் கார் பெட்டியில 1:43-ன்னு போட்டிருக்கே, அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? பொம்மை ரயில்ல இருந்துதான்!

1863-ல் லிவர்பூலில் பிறந்த ஃபிராங்க் ஹார்ன்பி, இறைச்சி இறக்குமதி நிறுவனத்தில் குமாஸ்தா. தன் பிள்ளைகளுக்காகத் துளையிட்ட உலோகப் பட்டைகளால் பொம்மை செய்தார். காப்புரிமை எடுக்கக் கையில் காசில்லை. முதலாளியிடம் 5 பவுண்ட் கடன் வாங்கி, 1901-ல் அதைப் பெற்றார். அதுவே பின்னர் 'மெக்கானோ'.

1920-ல் பொம்மை ரயில்கள் வந்தன. அவற்றுக்குத் துணையாக வந்த குட்டி வண்டிகள் 1934-ல் 'டிங்கி டாய்ஸ்' ஆயின. 1936-ல் ஹார்ன்பி மறைந்தார்.

போருக்கு முந்தைய டிங்கிகள் பலவற்றில் துத்தநாகக் கலவையில் ஈய மாசு கலந்திருந்தது. அதனால் அவை தானாகவே விரிசல் விட்டு உதிர்கின்றன. பெயின்ட் அடிச்சாலும் நிக்காது. பழசு வாங்கப் போறீங்களா? முதல்ல விரிசல் இருக்கான்னு பாருங்க.