மறைந்த பறவைக்கு உருவளித்த மன்சூர்

நுழையும்முன்

ஓர் உயிரினம் உலகைவிட்டு மறைந்தபின் அதன் தோற்றத்தை எவ்வாறு அறிவது? எலும்புகள் உயரத்தைச் சொல்லும்; நிறத்தைச் சொல்லா. அந்நிலையில், அதனை நேரிற்கண்ட ஓவியனின் தூரிகையே சான்றாகிறது. அத்தகைய சான்றை விட்டுச்சென்ற இந்திய ஓவியர் ஒருவரின் வரலாற்றை அறிவோம்.

பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் லைட்ஹவுஸ் குப்பம் முதலிய மீனவ ஊர்கள் அமைந்துள்ளன. அருகிலுள்ள பழவேற்காட்டில் 1613இல் டச்சு வணிகர்களின் கெல்டிரியா கோட்டை உருப்பெற்றது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1598இல், டச்சுக் கப்பல்கள் இந்தியப் பெருங்கடலிலுள்ள மொரீசியஸ் தீவை அடைந்திருந்தன. அங்கு மாலுமிகள் கண்ட விந்தைப் பறவையே டோடோ. பறக்க இயலாத அப்பறவை, தன்னை வேட்டையாடும் விலங்குகள் இல்லாத தீவில் அச்சமறியாது வாழ்ந்துவந்தது. மாலுமிகள் அதனை வேட்டையாடினர். கப்பல்கள்வழி வந்திறங்கிய பன்றிகளும் எலிகளும் குரங்குகளும் தரையில் இருந்த அதன் முட்டைகளை அழித்தன. 1662ஆம் ஆண்டிற்குப்பின் டோடோவைக் கண்டதற்கு உறுதியான சான்று இல்லை.

இப்பறவையின் உயிர்த்தோற்றத்தைக் காட்டும் சிறந்த வண்ண ஓவியங்களுள் ஒன்று இந்தியாவில் தீட்டப்பட்டது. அதனை வரைந்தவர் முகலாய அரசவை ஓவியரான உஸ்தாத் மன்சூர் எனக் கலை வரலாற்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

மன்சூர், அக்பர் காலத்தில் அரசவை ஓவியக்கூடத்தில் பணியைத் தொடங்கினார்; பிற ஓவியர்கள் வரைந்த படங்களுக்கு வண்ணம் தீட்டினார். ஜஹாங்கீர் ஆட்சியில் அவரது திறன் முழுமையாக வெளிப்பட்டது. இயற்கையை ஆராய்வதில் பேரார்வம் கொண்டிருந்த அம்மன்னர், அரிய உயிரினங்கள் அவைக்கு வந்தபோதெல்லாம் அவற்றை உள்ளவாறே வரையச் செய்தார். கோவாவிலிருந்து 1612இல் வான்கோழி வந்தது. 1621இல் வரிக்குதிரை வந்தது. அதன் வரிகள் மனிதர் பூசிய சாயமோ என்று சிலர் ஐயுற்றனர். கூர்ந்து ஆராய்ந்தபின் அவை இயற்கையானவை எனத் தெளிந்தனர். அவ்விலங்கை மன்சூர் ஓவியமாக்கினார். காஷ்மீரில் நூற்றுக்கும் மேற்பட்ட மலர்களையும் அவர் வரைந்தார். அவரது ஆற்றலை வியந்த ஜஹாங்கீர், காலத்தின் அற்புதம் எனப் பொருள்படும் ‘நாதிருல் அஸ்ர்’ என்னும் பட்டத்தை வழங்கினார்.

கடல்வழியே இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட டோடோக்கள் இரண்டைச் சூரத் நகரில் கண்டதாக ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி குறித்துள்ளார். மன்சூருடையதாகக் கருதப்படும் ஓவியத்தில், இந்தியப் பறவைகள் சூழ, பழுப்பு நிற டோடோ நடுவில் நிற்கிறது. அதே காலத்தில் ஐரோப்பியர் வரைந்த படங்கள் பலவற்றில் டோடோ மிகையாகப் பருத்துக் காணப்படுகிறது. மன்சூரின் பறவையோ உயிருள்ள ஒன்றைப் பார்த்து வரைந்ததாகவே தோன்றுகிறது. இன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ள இவ்வோவியத்தை, டோடோவின் உண்மைத் தோற்றத்தை ஆராய்வோர் சிறந்த சான்றாக மதிக்கின்றனர்.

மன்சூர் வரைந்த மற்றொரு பறவை சைபீரியக் கொக்கு. அறிவியல் உலகம் அதற்குப் பெயரிட்டது 1773இல்தான். அதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே மன்சூர் அதன் இறகையும் காலையும் நுணுகி நோக்கி வரைந்துவிட்டார். குளிர்காலத்தில் இராஜஸ்தானின் பரத்பூருக்கு வந்துகொண்டிருந்த அக்கொக்குகள் 2002ஆம் ஆண்டிற்குப்பின் அங்கு வருவதில்லை.

தம்முன் நின்ற பறவை ஒருநாள் அழிந்துபோகும் என்று மன்சூர் அறிந்திருக்க வழியில்லை. கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் வரைவதையே அவர் தம் கடமையாகக் கொண்டார். அந்த நேர்மையே அவர் ஓவியத்தை அறிவியலுக்கும் உரியதாக்கியது. ஆயினும் எத்துணைச் சிறந்த ஓவியமும் ஒரு பறவையை மீட்டுத் தராது. பழவேற்காடு ஏரிக்கு இன்றும் ஆண்டுதோறும் பூநாரைகள் வருகின்றன. அவற்றை உற்றுநோக்கவும் காக்கவும் நமக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது.